மின் வாகனம் வாங்கும் முன்: எங்கே நிறுத்துவது, எங்கே சார்ஜ் போடுவது?

சில வாரங்களுக்கு முன் ஒரு ஜுமுஆ நாள். தொழுகை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஒளூ செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் சிறு சலசலப்பு. சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் வயரைச் செருகி, ஓர் இளைஞர் தன் மின் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டிருந்தார்.

"யாரைக் கேட்டு தம்பி போட்டீங்க?" என்று நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர் கேட்டார்.

"அரை மணி நேரம்தான் காக்கா. செல்போன் சார்ஜ் போடுற மாதிரிதானே?" என்றார் அவர்.

பெரியவருக்கு உறுதியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. சுற்றி நின்ற நமக்கும் தெரியவில்லை. ஒருவர் "பள்ளிவாசல் கரண்ட் வக்ஃப் சொத்து" என்றார். இன்னொருவர் "மூணு ரூபாய் கரண்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்றார். அரை மணி நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் அரை யூனிட்டுக்கும் குறைவாகத்தான் இழுக்கும். ஆகவே பணத்தைப் பொறுத்தவரை இரண்டாமவர் சொன்னது சரி. ஆனால் விஷயம் பணத்தோடு முடியவில்லை என்பது, இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் நமக்குப் புரிந்தது.

நம் குடும்பங்களில் மின் ஸ்கூட்டர் இப்போது சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட, கடைக்குப் போய்வர என்று பெண்களும் ஓட்டுகிறார்கள். வளைகுடாவில் இருந்து விடுமுறையில் வருபவர்கள் வீட்டுக்கு ஒரு மின் கார் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். விலை, மைலேஜ், நிறம் எல்லாவற்றையும் ஷோரூமில் கேட்கிறோம். இரவில் இது எங்கே நிற்கும், எந்த மீட்டரில் இருந்து கரண்ட் எடுக்கும் என்ற கேள்வி மட்டும் வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான் எழுகிறது.

சொந்த மீட்டர் என்றால் யாரிடமும் கேட்க வேண்டாம்

முதலில் நல்ல செய்தி. உங்கள் வீட்டு மின் இணைப்பில் இருந்து உங்கள் வண்டிக்கு சார்ஜ் போட எந்த உரிமமும் தேவையில்லை. மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: வாகன உரிமையாளர்கள் தங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் மின் இணைப்பையே பயன்படுத்தி சார்ஜ் செய்துகொள்ளலாம். வீட்டில் சார்ஜ் போடுவது வீட்டு உபயோகமாகவே கணக்கிடப்பட வேண்டும் என்பதும் தொடக்கத்தில் இருந்தே மத்திய அரசின் நிலைப்பாடு. எனவே "வண்டிக்கு சார்ஜ் போட்டால் கமர்ஷியல் ரேட் போட்டுவிடுவார்கள்" என்ற பயம் வேண்டாம்.

பில் ஏறும், அது உண்மை. ஸ்கூட்டர் என்றால் தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஏறத்தாழ ஒரு யூனிட்தான். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் கூடும், தாங்கிக்கொள்ளலாம். கார் கதை வேறு. மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறிய கார், இரண்டு மாத பில்லில் 250 முதல் 300 யூனிட் வரை சேர்த்துவிடும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிநிலையாக ஏறுவது நமக்குத் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் சில யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். இதுவரை 350 யூனிட்டில் நின்ற குடும்பம் கார் வந்ததும் 600ஐத் தாண்டும்போது, "மீட்டரில் கோளாறு" என்று மின்வாரிய அலுவலகத்துக்கு ஓடுவது இதனால்தான். கோளாறு ஒன்றும் இல்லை. பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் அப்போதும் லாபம்தான்.

பில்லைவிட முக்கியமானது வயரிங். ஸ்கூட்டர் சார்ஜர் அயர்ன் பாக்ஸ் அளவுக்குக் கரண்ட் எடுக்கும். காரோடு தரும் சிறிய சார்ஜர் ஏறத்தாழ 3.3 கிலோவாட். அதாவது இரண்டு ஏசி ஓடுவதற்குச் சமம், அதுவும் இரவு முழுக்க, எட்டு ஒன்பது மணி நேரம். சுவரில் பொருத்தும் பெரிய சார்ஜர் 7 கிலோவாட்டுக்கு மேல். வாப்பா காலத்தில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் இழுத்த வயர் இதைத் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அயர்ன் பாக்ஸை ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடுகிறோம். கார் அணையாது. பெரிய சார்ஜர் வைப்பதென்றால் மின்வாரியத்தில் மின்பளுவைக் கூட்டித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். சில வீடுகளுக்கு மும்முனை இணைப்பும் தேவைப்படும்.

மத்திய மின்சார ஆணையம் 2019இல் சார்ஜிங் நிலையங்களுக்கென்று சில பாதுகாப்பு விதிகளை வகுத்தது. வீட்டுக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது என்பது நம் கருத்து. பிளக் பாயிண்ட் தரையில் இருந்து குறைந்தது 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கும் நம் ஊர்களுக்கு இது எவ்வளவு அவசியம் என்று சொல்லத் தேவையில்லை. கசிவு மின்சாரத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்க வேண்டும். சார்ஜிங்குக்கென்று தனி சர்க்யூட் வேண்டும். வண்டி, சார்ஜிங் பாயிண்டில் இருந்து ஐந்து மீட்டருக்குள் நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விட நம் வீடுகளுக்குப் பொருந்தும் விதி ஒன்று உண்டு: எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது.

இந்தக் கடைசி விதியைத்தான் நாம் எல்லோரும் மீறுகிறோம். வரவேற்பறை டிவிக்குப் பின்னால் இருக்கும் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, வாசல்படி தாண்டி வண்டிக்கு இழுக்கிறோம். ஜன்னலில் நசுங்கும் வயர், தளர்ந்த பிளக், இரவெல்லாம் ஓடும் கரண்ட். 2022 மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனது பலருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு பேட்டரி பாதுகாப்புத் தர விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் பேட்டரி எவ்வளவு தரமானதாக இருந்தாலும், வீட்டை விட்டு வெளியேற இருக்கும் ஒரே வழியில் அதை நிறுத்தி சார்ஜ் போட்டால் ஆபத்து ஆபத்துதான். நம் ஊர்களின் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. முன்வாசலை ஒட்டிய நடையில்தான் வண்டியை ஏற்றி நிறுத்துகிறோம். தீ என்று வந்தால் உள்ளே தூங்கும் உம்மாவும் பிள்ளைகளும் அந்த வண்டியைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இதை இருமுறை யோசிக்க வேண்டும். பின்பக்கமோ, காற்றோட்டமுள்ள முற்றமோ இருந்தால் அங்கே ஒரு பிளக் பாயிண்ட் போட ஆகும் செலவு, வண்டி விலையில் மிகச் சிறு பங்கு.

தெரு நம்முடையது அல்ல

வீட்டுக்குள் இடமில்லை, தெருவில் நிறுத்தி வீட்டில் இருந்து வயர் இழுக்கிறோம் என்கிறார்கள் பலர். மீட்டர் உங்களுடையது, கரண்டும் உங்களுடையது. ஆனால் வயர் கிடக்கும் தரை நகராட்சியுடையதோ ஊராட்சியுடையதோதான். அதன் குறுக்கே கேபிள் போட வழிகாட்டுதல் எதுவும் நமக்கு உரிமை தரவில்லை. இருட்டில் ஒருவர் அதில் தடுக்கி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வண்டிக்காரர்தான்.

நிறுத்துவதற்கும் இதே நிலைதான். பச்சை நம்பர் பிளேட் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று ஓர் எண்ணம் உலவுகிறது. அது தவறு. சொந்த உபயோக மின் வாகனத்துக்குப் பச்சையில் வெள்ளை எழுத்து, வாடகை வாகனத்துக்குப் பச்சையில் மஞ்சள் எழுத்து என்பது அடையாளத்துக்காகச் செய்த ஏற்பாடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு, பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடையூறோ வரும்படி எந்த வண்டியையும் நிறுத்தக் கூடாது என்கிறது. அதில் பெட்ரோல் வண்டி, மின்சார வண்டி என்ற பேதம் இல்லை. நடைபாதை, சாலைச் சந்திப்பு, அடுத்தவர் வாசல் ஆகிய இடங்களில் நிறுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகளும் சொல்கின்றன. பொதுவான விதிமீறலுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய் அபராதம். "சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, எடுக்க முடியவில்லை" என்பது போக்குவரத்துக் காவலரிடம் செல்லாது.

காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வீடுகளுக்கு நடுவே பெண்கள் நடந்து போய்வர முடுக்குகள் இருக்கின்றன. இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம்தான். அதில் ஒரு ஸ்கூட்டரை நிறுத்தி வயரையும் தொங்கவிட்டால், பாதை யாருக்காக விடப்பட்டதோ அவர்களுக்கே அடைபட்டுப் போகிறது. காவலர் அங்கே வந்து அபராதம் போடப் போவதில்லை. ஆனால் தினமும் அந்த வழியே போகும் மூத்த பெண்மணி ஒருவர் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வயரைத் தாண்டுவதை வண்டிக்காரர் ஒருநாள் நின்று பார்க்கலாம்.

அடுக்குமாடியில்தான் உண்மையான சிக்கல்

சென்னையிலும் மற்ற நகரங்களிலும் அடுக்குமாடியில் குடியிருக்கும் குடும்பங்களிடம் இருந்துதான் நமக்கு அதிகக் கேள்விகள் வருகின்றன. மூன்றாவது மாடியில் வீடு, கீழே தூண்களுக்கு நடுவே பார்க்கிங். அங்கே இருக்கும் பிளக் பாயிண்ட் பொது மீட்டரில் இருந்து வருகிறது. அந்த மீட்டர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் லிஃப்ட்டுக்கும் உரியது. பில்லை எல்லோரும் பகிர்ந்து கட்டுகிறார்கள். அதில் ஒருவர் வண்டிக்கு சார்ஜ் போட்டால் மற்றவர்கள் பணத்தில் ஓட்டுகிறார் என்றுதான் பொருள். மாதம் இருநூறோ முந்நூறோ கொடுத்துவிடுகிறேன் என்று வாய்ப்பேச்சில் தொடங்கும் ஏற்பாடு, இரண்டாவது வண்டி வந்ததும் சண்டையில் முடிகிறது. தமிழ்நாட்டில் குடியிருப்புகளின் பொது உபயோக இணைப்புக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது என்பதையும், வீட்டு இணைப்பின் இலவச யூனிட் அங்கே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரியான வழி இரண்டு. ஒன்று, உங்கள் வீட்டு மீட்டரில் இருந்தே பார்க்கிங் இடத்துக்குத் தனி வயர் இறக்குவது. மீட்டர் பெட்டிகள் பெரும்பாலும் தரைத்தளத்தில்தான் இருக்கும் என்பதால் இது நினைப்பதைவிட எளிது. இன்னொன்று, மின் வாகனத்துக்கென்று தனி இணைப்பு வாங்குவது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமைகள் விதிகளின்படி, மின் வாகனம் சார்ஜ் செய்யத் தனி இணைப்பு கேட்கும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. புதிய இணைப்பு தருவதற்கான காலக்கெடுவையும் அதே திருத்தம் பெருநகரங்களில் மூன்று நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் ஏழு நாள், கிராமங்களில் பதினைந்து நாள் என்று குறைத்தது. தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கும் முன், அது எந்தக் கட்டணப் பிரிவில் வரும் என்பதை மின்வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டு இணைப்புக்குரிய சலுகை அதற்கும் இருக்கும் என்று நாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது.

மின்வாரியம் சம்மதித்தாலும் சுவர் சம்மதிக்க வேண்டும். தூணிலும் பொதுச் சுவரிலும் சார்ஜர் மாட்டுவதற்கும், பொது இடம் வழியாக வயர் கொண்டுபோவதற்கும் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். பில்டரிடம் பணம் கொடுத்து பார்க்கிங்கை "வாங்கியிருக்கிறேன்" என்று பலர் வாதிடுவார்கள். 2010இல் மும்பைக் குடியிருப்பு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், திறந்தவெளிப் பார்க்கிங்கையும் தூண் தளப் பார்க்கிங்கையும் பில்டர் தனியாக விற்க முடியாது, அவை பொது இடத்தைச் சேர்ந்தவை என்று தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு. 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொது இடத்தில்தான் சேர்த்திருக்கிறது. ஆகவே சங்கத்தோடு மோதுவதைவிட, எலக்ட்ரீஷியன் வரைந்த ஒரு தாளையும் எழுத்து மூலமான விண்ணப்பத்தையும் கூட்டத்தில் வைப்பது பலன் தரும். வயர் எந்த வழியே போகிறது, எந்த மீட்டரில் இருந்து வருகிறது, ஆர்சிசிபி எங்கே என்று காட்டினால் எதிர்ப்பில் பாதி கரைந்துவிடும். மற்றப் பாதி பெரும்பாலும் பழைய பகை.

புது ஃபிளாட் பார்க்கிறவர்கள் இன்னொன்றைக் கேட்கலாம். 2019இல் திருத்தப்பட்ட மத்திய மாதிரிக் கட்டட விதிகள், புதிய கட்டடங்களின் வாகன நிறுத்தக் கொள்ளளவில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என்கின்றன. மாதிரி விதி என்பது மாநிலங்கள் தங்கள் விதிகளில் சேர்த்துக்கொள்வதற்கானது. பில்டரின் வரைபடத்தில் சார்ஜிங் இடம் இருக்கிறதா, அதற்கான மின்பளு கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் நிலைதான் பரிதாபம். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. மின்பளுவைக் கூட்ட அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். பல இடங்களில் ஒரே மீட்டருக்குக் கீழே துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாடகைதாரரிடம் வசூலிக்கிறார்கள். அந்த யூனிட் விலையில் வண்டி ஓட்டினால் மிச்சம் என்ன என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகும் வகை ஸ்கூட்டர் இவர்களுக்கு வசதி. ஆனால் அதைப் படுக்கையறையிலோ வாசல் கதவருகிலோ வைத்து சார்ஜ் போட வேண்டாம்.

பள்ளிவாசல் பிளக்குக்கு வருவோம்

தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்களின் மின் இணைப்புக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. பள்ளிவாசல், கோவில், தேவாலயம் மூன்றுக்கும் அது பொது. அந்தக் கட்டணம் வழிபாட்டு உபயோகத்துக்காகத் தரப்படுவது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, எந்தக் காரியத்துக்காக இணைப்பு அனுமதிக்கப்பட்டதோ அதற்கு வெளியே பயன்படுத்துவதை அங்கீகாரமில்லாத உபயோகம் என்கிறது. ஆய்வில் அப்படி முடிவானால், பொருந்தக்கூடிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு விதிக்கலாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் வரை கணக்கில் எடுக்கலாம். ஒரு நாள் அரை மணி நேரம் போட்ட ஒரு ஸ்கூட்டருக்காக அதிகாரி வந்து நிற்கப் போவதில்லை. ஆனால் "அவர் போட்டாரே" என்று பத்து வண்டிகள் தினமும் போடத் தொடங்கினால், அதற்கான பில் அந்த இளைஞர் பெயரில் வராது. ஜமாஅத் பெயரில் வரும். வக்ஃப் சொத்து என்று ஒருவர் சொன்னதும், சட்டம் சொல்வதும் இங்கே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

வீட்டு இணைப்பில் இருந்து அக்கம்பக்கத்தாருக்குக் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுத் தருபவர்களுக்கும் இதே பிரிவுதான்.

அப்படியென்றால் ஜமாஅத்தோ, நிக்காஹ் மஹாலோ, கடைக்காரரோ சார்ஜிங் வசதி வைக்கவே முடியாதா? முடியும். சார்ஜ் செய்து கொடுப்பது ஒரு சேவை, அது மின்சார விற்பனை அல்ல, அதற்கு மின்சாரச் சட்டப்படி உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே விளக்கிவிட்டது. மின் வாகன சார்ஜிங்குக்கான கட்டணப் பிரிவில் தனி இணைப்பு வாங்கி, பாதுகாப்பு விதிகளின்படி அமைத்தால் போதும். பெரிய வாகன நிறுத்தம் உள்ள மஹால்கள் இதை யோசிக்கலாம். கல்யாணம் இல்லாத நாட்களில் அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது.

பொது சார்ஜிங் நிலையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சார்ஜ் முடிந்த பிறகும் வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும், பெட்ரோல் காரைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்துவதும் அடிக்கடி நடக்கிறது. பல நிலையங்கள் தனியார் இடத்தில் இருப்பதால் அங்கே அந்த நிறுவனத்தின் நிபந்தனைதான் விதி. சில நிறுவனங்கள் சார்ஜ் முடிந்த பின் நிற்கும் நேரத்துக்கும் கட்டணம் பிடிக்கின்றன. செயலியில் பணம் கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள். ஊருக்குக் காரில் கிளம்புமுன் வழியில் இருக்கும் நிலையத்தின் இணைப்பு உங்கள் காருக்குப் பொருந்துமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜுமுஆவுக்கு அடுத்த வாரம் நிர்வாகம் கூடிப் பேசி, ஒளூ செய்யும் இடத்துக்கு அருகில் இருந்த பிளக் பாயிண்டை மூடிவிட்டது. ஈரம் படும் இடத்தில் அது இருந்ததே தவறு என்று எலக்ட்ரீஷியன் சொன்னாராம். தனி இணைப்பு வாங்கி வாகன நிறுத்தத்தில் இரண்டு சார்ஜிங் பாயிண்ட் வைக்க எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு கேட்டிருக்கிறார்கள். அதற்காக மின்வாரிய அலுவலகத்துக்கு அலையும் பொறுப்பை, ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்ட அந்த இளைஞரிடமே பெரியவர் ஒப்படைத்திருக்கிறார்.